கம்பத்தில் எடுத்த படம்

நாலாவது தடவையாகவும் பாதி மலையிலேயே கணவரின் முட்டி மக்கர் செய்தது. மண்சரிவைக் கண்காணிக்க, மலையைப் பராமரிப்பவர்கள் அங்கே ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். வருகிறவர்கள் அதில் போனை வைத்து உச்சியைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

"படத்தை எடுத்துட்டு இறங்கிடலாம்டி."

"போன மூணு தடவையும் இதே வசனம்தான். உச்சியைப் பார்க்காமலே ரிட்டயர் ஆயிடுங்க," என்றாள் மனைவி.

எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார். உச்சியில், இப்போது தலையில் இருக்கும் அதே நீலத் தொப்பியோடு அவரே நின்று, இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், கையில் இருக்கும் அதே மஞ்சள் குடையோடு மனைவி.

"பாருடி, நாம ஏற்கெனவே போயாச்சு!"

"அப்ப சீக்கிரம் வாங்க. நம்மளையே காக்க வைக்கக் கூடாது."

ஒரு மணி நேரத்தில் உச்சியில் நின்றார்கள். கீழே, கம்பத்தருகே, நீலத் தொப்பிக்காரர் ஒருவர் முட்டியைத் தேய்த்தபடி அதில் போனைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

பாவம், மனுஷன் திரும்பிப் போய்விடப் போகிறார் என்று, இவர் இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினார்.