பேச்சியின் விளக்கு

நாலு வயதாகியும் பேச்சி பேசவில்லை. அந்தப் பேரை வைத்தே தெரு கேலி பேசியது. பேச்சுப் பயிற்சி மையத்தில் அவள் தலையில் மாட்டிய தொப்பியில், சொல் மூளைக்குள் புகுந்தால் விளக்கு எரியும். இன்றும் எரியாவிட்டால், பேசாத பிள்ளைகளுக்கான விடுதிக்கு அவளைக் கொண்டுபோய்விடுவார்கள்.

அம்மா முப்பிடாதி பட்டியலைப் பார்த்து வாசித்தாள். "மகளே, இங்கே வா. நீர் பருகு."

ஆறு மாதமாக வீட்டிலும் இதே கூத்துதான். பட்டியலைத் தாண்டி ஒரு சொல் பேசக் கூடாது என்பது மையத்தின் உத்தரவு. விளக்கு செத்துக் கிடந்தது.

பேச்சி தொப்பியின் வயரைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ மூதி! அத இழுக்காதளா!" என்று கத்தினாள் முப்பிடாதி.

விளக்கு தகதகவென்று எரிந்தது.

"திட்டெல்லாம் பட்டியல்ல கிடையாதும்மா. சேத்துக்க முடியாது," என்றாள் மையத்து டீச்சர்.

"திட்டா? நான் அவள அப்படித்தான் கூப்பிடுவேன் டீச்சர்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆறு மாதமாக அவள் மகளை அப்படிக் கூப்பிடவே இல்லை.

டீச்சர் மதிப்பெண் தாளில் சுழியம் போட்டாள்.

"என்னத்தையும் எழுதிக்கோங்க. பிள்ள எங்கூடத்தான் இருப்பா."

மகளை மடியில் இழுத்து வைத்து, "மூதி... ஏ மூதி" என்றாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முப்பிடாதி விளக்கைப் பார்க்கவில்லை. அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.