ஆளுக்கொரு சமையல் குறிப்பு

"எழுதாதேடி, போன்ல ரெக்கார்ட் போடு. போட்டுட்டியா?"

"கோழி சூப்புக்கு எதுக்குக்கா ரெக்கார்டு? இருபது வருஷமா நீ சொன்னபடிதானே வச்சுக்கிட்டிருக்கேன்!" ஸ்பீக்கரில் தங்கையின் சிரிப்பு அறைக்கு வெளியேகூடக் கேட்டிருக்கும்.

"தண்ணியா வச்சுக்கிட்டிருக்கே. பேசாம கேளு. முதல்ல எலும்பைத் தனியா வறுக்கணும்..."

"உன் குரல் ஏன்க்கா இப்படிக் கரகரங்குது?"

"நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி குடுக்கலடி. அதான்."

கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தையல்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. ஒரு மணிக்கு மனைவியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, நாற்பது வருஷம் ஊசியில் நூல் கோத்தவர் கோட்டைத் தாண்டிப் போட்டுவிட்டார். அந்தப் படிவத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டாவது முறை படிக்க அவருக்குத் தெம்பில்லை.

உள்ளே போவதற்குள் அவள் தன்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவளோ விடிந்ததிலிருந்து போனும் கையுமாக இருந்தாள். மருமகளுக்கு எலுமிச்சை ஊறுகாய். சம்பந்தியம்மாளுக்கு மீன் வறுவல். எல்லாரிடமும் 'சின்ன ஆபரேஷன்தான், யாரும் வர வேண்டாம்' என்று ஒரே பாட்டு. ஒரு துண்டுச் சீட்டில் ஏழு பேரின் பெயரை எழுதி, முடிக்க முடிக்க ஒவ்வொருவராக அடித்துக்கொண்டு வந்தாள்.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். அந்த ஏழில் அவர் இல்லை.

மனசு சுருக்கென்றது. எழுந்தார். "நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்திடறேன்."

"அதெல்லாம் அப்புறம். இங்கயே உக்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க."

சரி, ஒரு போன் பண்ணி வேலையாள் கடையைத் திறந்தானா என்று கேட்கலாம் என்று சட்டைப் பையில் கை வைத்தார். அதற்கும் தடை. "எடுக்காதீங்க! என் போன் நின்னுபோனா உங்களுது வேணும். சார்ஜ் இருக்கட்டும்." காலையில் அதைப் பையில் செருகிவிட்டவளும் அவள்தான்.

அடுத்து, அவளோடு வேலை பார்த்த சிநேகிதி. குட்டையான உருவத்துக்கும் பொரிகிற வாய்க்கும் 'கடுகு' என்று பெயர்.

"முட்டை ரொட்டிக்கு நான் சர்க்கரை போடுவேன்டி," என்றது போன்.

"போட்டா அது முட்டை ரொட்டி இல்ல, சாமானுக்குப் பிடிச்ச சனியன்!"

வழக்கு ஆரம்பித்தது. கடிகார முள் பன்னிரண்டைத் தாண்டியது. தையல்காரருக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லியா?"

"உங்களுக்கா! வெந்நீரையே தீய விடற ஆளு நீங்க."

"அண்ணே, உங்களுக்குச் சாப்பிடுற குறிப்பே போதும்ணே!" என்று கடுகு பொரிந்தாள்.

"அதில்ல... என்கிட்ட ஒரு வார்த்தை..."

"பொறுங்க, இவளை முடிச்சுட்டு வர்றேன்."

முடிக்கவில்லை. பன்னிரண்டரைக்கே ஊழியர் ஸ்ட்ரெச்சரோடு வந்து நின்றார்.

"ஒரு மணின்னாங்களே?" என்றார் தையல்காரர்.

"முந்தின கேஸ் சீக்கிரம் முடிஞ்சிடுச்சுங்க. அம்மா, போனைக் குடுங்க."

ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடைவழி நெடுக ஓடினார். கதவு வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமே சொல்லலியே நீ..."

அவள் கையை நீட்டி அவர் சட்டைப் பையை லேசாகத் தட்டினாள். "போய் முதல்ல ஏதாவது சாப்பிடுங்க."

கதவு மூடிக்கொண்டது.

அவர் சாப்பிடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கால்சட்டைப் பையில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஊறுகாயும் ரொட்டியும். கட்டினவனுக்கு 'போய்ச் சாப்பிடுங்க'.

ஆறு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுதுங்க. கட்டி பூரா எடுத்தாச்சு. முன்னாடியே சொன்ன மாதிரி, குரல்வளையையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. இனிமே அவங்க சொல்ல நினைக்கிறதை எழுதித்தான் காட்டணும்."

தையல்காரர் தலையசைத்தார். மகனுக்குச் சொல்ல வேண்டும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன: பத்து மணி நேரம், நாலு நிமிஷம்.

நிறுத்தி, முதலிலிருந்து போட்டார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு மேல், ரகசியம் பேசுவதுபோல் அவள் குரல்.

"ஏங்க, நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குறிப்புதான். இன்னைக்கு நான் பேசப்போறது பூரா உங்களுக்கு."