உற்பத்தியாளர்

நாலாவது முறையாக வண்டியைப் பாசிங் சோதனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

பக்கத்து வரிசைகளில் கடையில் வாங்கிய கார்கள் நின்றன. சோதனை முடிந்தால் அவற்றுக்கு நம்பர் கிடைத்துவிடும். இந்தக் கார் மட்டும் அல் கூஸில் ஒரு ஷெட்டுக்குள் சோலைமுத்து தன் கையால் முடுக்கிச் சேர்த்தது.

இங்கிலாந்திலிருந்து ஒன்பது மரப்பெட்டிகளில் பாகம் பாகமாக வந்தது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய திறந்த கார் ஒன்றின் அச்சு அசல் நகல். கூடவே இருநூறு பக்கத்துக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம். சோலைமுத்து படங்களை மட்டும் பார்த்து மூன்று வருடத்தில் முடித்தான். கடைசியில் பதின்மூன்று போல்ட் மிஞ்சியது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கார் அவனுடைய அரபி முதலாளிக்கு. அர்பாப் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சோலைமுத்துவின் விசாவும் அவருடையதுதான், இந்த ஒரு வேலைக்காகவே எடுத்தது. நம்பர் பிளேட் மாட்டுகிற அன்றைக்கே உனக்கு ஊருக்கு டிக்கெட், கலாஸ், வேலை முடிந்தது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர்.

அதனால் அவனோடு ரூமில் தங்கியிருந்த ஏழு பேரும் அந்த நம்பர் பிளேட்டுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஜெயமணி தன் வீட்டுக்குக் கொடுத்துவிட ஒரு கம்பளியும் ஆறு பாட்டில் கோடாலித் தைலமும் வாங்கி, கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்திருந்தான்.

முதல் முறை நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை. இரண்டாவது முறை ஹாரன் அடிக்கவில்லை. மூன்றாவது முறை வைப்பர் ஓடவில்லை.

மூன்று முறையும் ஃபெயில் போட்டது ஒரே இன்ஸ்பெக்டர்தான். குல் ஜமான், பெஷாவர்க்காரர். மூன்று முறையும் ரூமில் எல்லாரும் அவரைத் திட்டினார்கள். தைலத்தில் இரண்டு பாட்டிலை ஜெயமணியே தேய்த்துத் தீர்த்துவிட்டான்.

இந்த முறை அர்பாப் எதையும் விட்டுவைக்கவில்லை. நேற்று வேறொரு கராஜிலிருந்து ஆள் வரவழைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்க்க வைத்தார். ராத்திரி ஷெட்டைப் பூட்டி, கார் சாவியையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். காலையில் அவரே ஓட்டி வந்தார்.

கிளம்பும்போது சோலைமுத்து நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். இது எதற்கு என்று அர்பாப் கேட்டார். நல்லது நடக்க என்றான். எது நல்லது என்று அவர் கேட்கவில்லை.

ஹாரன் அடித்தது. வைப்பர் ஓடியது. முன்னும் பின்னும் எல்லா விளக்கும் எரிந்தன. சோலைமுத்து நசுங்கிய எலுமிச்சம்பழங்களை நினைத்துக்கொண்டான்.

குல் ஜமான் படிவத்தை எடுத்தார். உற்பத்தியாளர் என்ற கட்டத்தில் பேனா நின்றது. அர்பாப் தன் குடும்பப் பெயரைச் சொன்னார். முடுக்கியது யார் என்று குல் ஜமான் கேட்டார். அர்பாப் பெருமையாக சோலைமுத்துவைக் காட்டினார்.

குல் ஜமான் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சேஸிஸ் நம்பரைக் காட்டச் சொல்லி, காருக்கு அடியில் இருந்த சோதனைக் குழிக்குள் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

குழிக்குள் இரண்டு பேர்தான். மேலே, கார் ஓரமாக, அர்பாபின் செருப்பு மட்டும் தெரிந்தது.

குல் ஜமான் டார்ச்சை சேஸிஸ் மேல் அடிக்கவில்லை. சோலைமுத்துவின் சட்டைப் பையில் அடித்தார்.

"முதல்ல பல்பு. அப்புறம் ரெண்டு தடவை ஃபியூஸ்," என்றார் இந்தியில், குரலை இறக்கி. "இன்னைக்கு என்ன கழட்டுன?"

சோலைமுத்துவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இன்னைக்கு ஒண்ணும் முடியல பாய். சாவி அவருகிட்ட இருந்துச்சு."

அப்புறம் அவனாகவே, தெரிந்த இந்தியில் சொன்னான். மகள் ராதிகா நர்சிங் படிக்கிறது. அவன் வேலை நின்றால் அதன் படிப்பும் பாதியில் நின்றுவிடும்.

"எத்தனை மாசம் பாக்கி?"

"எட்டு."

குல் ஜமான் டார்ச்சை அணைத்தார்.

"என் தம்பி ஷார்ஜாவுல அவன் அர்பாபுக்கு ஒரு படகு கட்டுறான்," என்றார். "பதினோரு வருஷமா கட்டுறான்."

மேலே வந்ததும் படிவத்தில் பாஸ் என்று முத்திரை குத்தினார். அர்பாப் கையைத் தூக்கி இறைவனுக்கு நன்றி சொன்னார். சோலைமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. அர்பாபுக்கும் கண் கலங்கியது. அவன் ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார்.

குல் ஜமான் இன்னும் எழுதி முடிக்கவில்லை. கீழே குறிப்பு என்ற கட்டத்தில் அரபியில் நிதானமாக மூன்று வரி எழுதினார். அதற்கும் ஒரு முத்திரை குத்தினார்.

அர்பாப் வாங்கி வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். பிறகு சோலைமுத்துவுக்குப் புரிகிற மாதிரி மெதுவாக எடுத்துச் சொன்னார். இது கையால் சேர்த்த வண்டி. அதனால் பதிவு தற்காலிகம்தான். மறு சோதனைக்கு வண்டியோடு உற்பத்தியாளரும், அதாவது நீயும், நேரில் வந்து நிற்க வேண்டும்.

"எப்ப அர்பாப்?"

எட்டு மாதம் கழித்து என்றார். அதைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன சொல் தவறிவிட்டேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

சோலைமுத்து தலையைக் குனிந்துகொண்டு, முகத்தை முடிந்த அளவு சோகமாக வைத்துக்கொண்டான்.