பெரிய டீச்சரின் சத்தம்

"தர முடியாதுன்னா தர முடியாதுதான்! மூணு வாட்டி சொல்லியாச்சு!"

தலைமையாசிரியை அறையின் சாத்தியிருந்த கதவையும் தாண்டி வராந்தா முழுக்கக் கேட்டது அந்தக் குரல்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிளாரன்ஸ் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மம்மி, வலிக்குது."

"ஷ்... பேசாம இரு, ஜெனி."

ஜெனிலாவை ஆறாம் வகுப்பில் சேர்க்கத்தான் வந்திருந்தாள். பிளாரன்ஸ் படித்ததெல்லாம் கான்வென்ட்டில். அங்கே சிஸ்டர்மார் கண்டித்தால்கூட ஜெபம் சொல்வது போலத்தான் இருக்கும். கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் ரெக்சன்தான் ஒற்றைக் காலில் நின்றான். 'நான் படிச்ச கவர்மென்ட் ஸ்கூலு. கெட்டா போயிட்டேன்? அங்கயே சேத்து விடு!'

அவனுக்கென்ன, நடுக்கடலில் இருந்துகொண்டு சொல்லிவிட்டான். இங்கே தனியாக வந்து நிற்பது இவளல்லவா!

"எப்பவும் இப்படித்தானா, உங்க ஹெச்.எம்.?" பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். மகனுக்குச் சான்றிதழ் வாங்க வந்திருந்த செல்லத்தாய் அவள்.

"முருகேஸ்வரி டீச்சரா? உடன்குடிக்காரவுகல்லா, அந்த ஊருத் தொண்டை அப்படி! இங்கன நின்னு கத்துனா, ஹார்பர்ல கப்பல்காரன் நங்கூரத்தைத் தூக்கிருவான்!"

செல்லத்தாய் சிரித்தாள். பிளாரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளேயிருந்து மறுபடியும் இடி.

"கையெழுத்தைப் போடும்! அங்கன இல்ல, இங்கன! என் விரலைப் பாரும்!"

"யாரைப் போட்டு இந்த வாங்கு வாங்குறாங்க?"

"கடலுக்குப் போற ஆளு ஒருத்தரு. மகளைக் கூட்டிட்டு டி.சி. வாங்க வந்தாரு. அரைமணி நேரமா இதே கூத்துதான்."

பிளாரன்ஸுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கடலுக்குப் போகிறவன் என்றால் அவ்வளவு இளக்காரமா? அதுவும் பெற்ற மகளை வைத்துக்கொண்டு! பெரிய மனுஷனுக்கே இந்தக் கதி என்றால், ஒரு அதட்டலுக்கே உதடு பிதுக்கும் ஜெனிலா இங்கே ஒரு வாரம் தாங்குவாளா?

விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

"ஏன் மம்மி? டாடி ஸ்கூல் இதுதானே?"

"டாடிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அதற்குள் கதவு திறந்தது. வெயிலில் கறுத்து இறுகிய ஒரு மனிதர் வெளியே வந்தார். பின்னாலேயே அவர் மகள். பத்தாம் வகுப்பு முடித்த வயது. கண் இரண்டும் சிவந்து, கன்னம் ஈரமாக இருந்தது.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் பிளாரன்ஸுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம். நடந்ததெல்லாம் வெளிய கேட்டுச்சு. இப்படி மரியாதையில்லாமப் பேசுனா சும்மா விடுறதா? மேலிடத்துக்கு எழுதிக் குடுங்க. நானும் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்."

அவர் லேசாகச் சிரித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"அப்பாவுக்குக் கேக்காதுக்கா," என்றாள் அவள். "சங்கு குளிக்கக் கடலுக்குள்ள ஆழமா முங்கி முங்கி ரெண்டு காதும் போச்சு. அடித்தொண்டையில இருந்து கத்துனாத்தான் கொஞ்சமாவது ஏறும்."

பிளாரன்ஸ் அந்தப் பெண்ணின் ஈரக் கன்னத்தைப் பார்த்தாள்.

"அப்ப... நீ அழுதிருக்கியே?"

"அது சந்தோஷத்துலக்கா. என்னை நிப்பாட்டி வேலைக்கு அனுப்பப்போறேன்னு டி.சி. கேட்டு வந்தாரு. டீச்சர் தர முடியாதுன்னுட்டாங்க. 'உம்ம மகள் எடுத்திருக்கது டாக்டருக்குப் படிக்கிற மார்க்கு'ன்னு அவருக்குப் புரியுற வரைக்கும் சொல்லி, பிளஸ் ஒன் ஃபாரத்துல கையெழுத்தும் வாங்கிட்டாங்க."

பிளாரன்ஸ் பெருமூச்சு விட்டாள். நல்ல காரியம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அதுக்கு ஏம்மா இவ்வளவு கூப்பாடு? விஷயத்தை உன்கிட்ட மெதுவாச் சொல்லியிருந்தா, நீயே வீட்டுல போய் அப்பாவுக்கு எடுத்துச் சொல்லியிருப்பியே?"

அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் அப்படித்தாங்க்கா செய்வாங்க. ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, கோயிலு, எங்க போனாலும் அப்பாவைப் பத்தி என்கிட்டதான் பேசுவாங்க. அவரு பக்கத்துல மரம் மாதிரி நிப்பாரு. எங்கப்பாகிட்டயே பேசுறது எங்க டீச்சர் ஒருத்தங்கதான்."

பிளாரன்ஸ் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பெண்களின் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி, என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமலேயே சிரித்துக்கொண்டு நின்றார் அந்த மனிதர்.

பைக்குள் கைவிட்டு விண்ணப்பத்தை எடுத்து நீவினாள். அவர் காதருகே போனாள். பிறந்ததிலிருந்து போடாத சத்தத்தைப் போட்டாள்.

"அண்ணே! எம் மகளையும் இங்கதான் சேக்கப் போறேன்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. செல்லத்தாய் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது.

"தைரியமாச் சேத்து விடுங்க தாயி! நம்ம டீச்சரு மாதிரித் தன்மையாப் பேசுறவுகளை நான் எங்கயும் பார்த்ததில்ல!"