நெஞ்சின் மேல் யாரோ

விண்வெளி நிலையத்திலேயே பிறந்து ஆறு வயதுவரை எடையின்றி மிதந்து வளர்ந்த எழினி, முதல்முறையாகத் தூத்துக்குடி வீட்டுக் கட்டிலில் படுத்தாள். படுத்ததுமே அலறினாள்.

“அம்மா, என் நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க!”

“யாருமில்ல கண்ணு. அது உன் ஒடம்போட கனம். பூமியில அப்படித்தான் இருக்கும்,” என்றாள் செண்பகவல்லி.

“உன் மேலயும் இருக்காங்களா?”

ஒவ்வொரு மூச்சுக்கும் மகளின் விலா எலும்புகள் போராடுவதைக் கண்ட செண்பகவல்லி, அவளை நிமிர்த்தித் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். மூச்சு மெல்லச் சீரானது.

குழந்தையைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தபடி உள்ளே வந்தார்கள். எழினி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள்.

“பாவம்மா, இவங்க எல்லார் மேலயும் இருக்காங்க. இவங்களுக்குத்தான் தெரியல.”

மகளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, வந்தவர்களை வரவேற்கச் செண்பகவல்லி எழப் பார்த்தாள். ஏதோ ஒன்று நெஞ்சை அழுத்தியது. அவளால் எழ முடியவில்லை.