செவ்வாய் இல்ல, நிலா

"கண்ணு எங்க போகுது?"

நான் கேட்டதும், எதிர்ல உட்கார்ந்திருந்த எங்க காலேஜ் பிசிக்ஸ்காரன் திடுக்கிட்டான். "எங்கயும் போகலயே!"

பச்சைப் பொய். உள்ள வந்தப்போ ஒழுங்காத்தான் இருந்தான். காபி வந்ததும் புத்தி மாறிடுச்சு. என் தோளைத் தாண்டியே பார்க்கறான். எனக்குப் பின்னாடி டேபிள்ல யாரோ ஒரு லேடி சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பு வர்றப்பல்லாம் இவன் பார்வை அங்க ஓடுது.

நாங்க ரெண்டு பேரும் தனியா காபி குடிக்க வந்தது இதான் முதல் தடவை. அதுக்கு என் ஃப்ரெண்டு நேத்தே எனக்குப் பாடம் எடுத்திருந்தா.

"முதல் நாளே கத்தாதே. தேதி, வருஷம்னு உன் ஹிஸ்டரியை ஆரம்பிக்காதே. முக்கியமா, தப்பாப் பேசினா திருத்தாதே. தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்."

"எனக்கு இவ்வளவு ரூலா? அவனுக்கு?"

"அவன் உன்னைப் பார்த்துப் பேசினாப் போதும்."

அந்த ஒண்ணே ஒண்ணுகூட இவனால முடியல!

"கொஞ்சம் மெதுவாப் பேசேன்"னான்.

"மெதுவாவா? இந்தக் காபி மெஷின் போடற இரைச்சல்ல என் குரல்தான் உனக்குப் பெருசாக் கேட்குதா? நான் கிளம்பறேன். நீ நிம்மதியா வேடிக்கை பாரு."

பையை இழுத்தேன். அவன் பையைப் பிடிச்சுக்கிட்டான்.

"எழுந்திருக்காதே. திரும்பாதே. ப்ளீஸ்."

"என் கழுத்து. நான் திருப்புவேன்."

"பின்னாடி உங்க அப்பா."

பாதி திருப்பின கழுத்தை அப்படியே முன்னாடி கொண்டு வந்தேன்.

"உனக்கு எப்படி அவரைத் தெரியும்?"

"போன வாரம் ஸ்டேட்டஸ் போட்டியே, அப்பா பிறந்த நாள்னு. அதே முகம், அதே நீலச் சட்டை."

அந்தச் சட்டையைக் காலையில தேய்ச்சுக் கொடுத்ததே நான்தான். 'ஆபீஸ்ல ஆடிட்டர் வர்றார்'னு சொன்னார். நானும் 'லைப்ரரி போறேன்'னு சொல்லிட்டு வந்தேன். தெரிஞ்சவங்க யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்கன்னு ஊர்க்கோடியில தேடிப் பிடிச்ச கடை இது. அவரும் அதே காரணத்துக்குத்தான் தேடிப் பிடிச்சிருக்கார்!

"மாட்டிப்போம்னு பயந்துட்டியா?"ன்னேன்.

"நாம மாட்டினா மாட்டிட்டுப் போறோம். அவர் மாட்டிக்கக் கூடாதேன்னுதான். பாவம், கப்பை எடுக்கறார், குடிக்காமலே வைக்கிறார்."

எனக்கு ரத்தம் கொதிச்சுது. 'படிப்பு முடியற வரைக்கும் பசங்களோட காபி, டீ எதுவும் கூடாது'ன்னு சட்டம் போட்டவர் இவர். அதை எதிர்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டினவ நான். அம்மா போனதுக்கப்புறம் தலையை நிமிர்த்தி யாரையும் பார்க்காத மனுஷன்னு ஊரே பாராட்டுது. சட்டம் எனக்கு, காபி அவருக்கா?

இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும்னு எழுந்திருக்கப் போனேன். மெஷின் நின்னுது. அப்பா குரல் தெளிவாக் கேட்டுது.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? இதே ஜூலை இருபதாம் தேதிதான் மனுஷன் முதல் முதலா செவ்வாய்ல கால் வெச்சான்!"

ஐயோ!

தினமும் காலையில சாப்பிடறப்போ எங்க வீட்டுல இது நடக்கும். இதே தேதியில முன்னாடி என்னென்ன நடந்துதுன்னு நான் சொல்வேன், அவர் கேட்டுப்பார். இன்னிக்குச் சொன்னது நிலாவும் செவ்வாயும். அறுபத்தொன்பதுல மனுஷன் நிலாவுல இறங்கினான். எழுபத்தாறுல ஆள் இல்லாத விண்கலம் ஒண்ணு செவ்வாய்ல இறங்குச்சு. ரெண்டும் ஒரே தேதி. மனுஷன் பதட்டத்துல ரெண்டையும் கலந்துகட்டி அடிச்சு விட்டுட்டார்.

"செவ்வாய்லயா?" அந்தம்மா சிரிச்சாங்க. கேலி இல்ல, பிரியமான சிரிப்பு. "யார் சொன்னா?"

"என் பொண்ணு. அவ சொன்னா தப்பே இருக்காது."

போச்சு, என் மானம்!

"அந்தப் பொண்ணுகிட்ட நம்மளைப் பத்திச் சொல்லிட்டீங்களா?"

"இல்லைங்க. உங்களை வரச் சொன்னதே வேற விஷயத்துக்கு. இது வேண்டாம். படிச்சு முடிக்கிற வரைக்கும் எந்தப் பையனோடயும் காபிகூடக் கூடாதுன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். அவளும் கேட்டுக்கிட்டு லைப்ரரியே கதின்னு கிடக்கறா. அவளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? இந்தக் காபியோட நிறுத்திக்கலாம்."

"அவ படிப்பு முடிஞ்சதும்?"

"அதுவரைக்கும் காத்திருங்கன்னு எந்த முகத்தோட கேட்பேன்?"

நாற்காலி நகர்ற சத்தம். அந்தம்மா கிளம்பறாங்க.

பிசிக்ஸ்காரன் இப்பதான் என் முகத்தையே நேராப் பார்த்தான். பையை விட்டான்.

"இப்ப திரும்பு"ன்னான்.

கத்தாதே. ஹிஸ்டரி பேசாதே. திருத்தாதே. மூணையும் ஒரே மூச்சுல காத்துல விட்டேன்.

"அப்பா! செவ்வாய் இல்ல, நிலா!"

கடையே திரும்பிச்சு. அப்பா கையில இருந்த கப் சாஞ்சு, நான் தேய்ச்ச சட்டையெல்லாம் காபி.

"நீ... லைப்ரரி..."

"நீங்க ஆடிட்டர்?"

அவர் கர்ச்சீஃபைத் தேடினார். நான் விடல.

"உங்க சட்டத்தை நான் ஏற்கெனவே உடைச்சாச்சுப்பா. இதோ, சாட்சி எதிர்லயே உட்கார்ந்திருக்கான். உடைஞ்சு போனதை நீங்க மட்டும் எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

அப்புறம், ஹேண்ட்பேக்கோட நின்னுட்டிருந்த அந்தம்மா பக்கம் திரும்பினேன்.

"பதட்டமானா இவர் இப்படித்தான் உளறுவார், ஆன்ட்டி. அடுத்த தடவை நீங்க வர்றப்போ சரியாச் சொல்வார்."