வரலாறு பார்த்து வாங்கவும்

கடைத்தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் தூக்கிப் பார்ப்பார். குடை வாங்கினால் கடை வாசலிலேயே விரித்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். மகளுக்கு வரன் பார்த்தபோது, பையனுடைய பல் டாக்டர் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்த மகானுபாவர்.

அப்பேர்ப்பட்டவர் டொமைன் பெயர் வாங்க வந்தால் லேசில் விடுவாரா?

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. இணையத்தில் கடை விரிக்கிறவர்களுக்கு முகவரி வேண்டுமே, அந்தப் பெயர்களை வாங்கி விற்கும் தரகு வேலை செய்கிற பெண் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருந்தது.

"பேரு நல்லாத்தாம்மா இருக்கு. சொன்னாலே கடலும் கப்பலும் கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா பூர்வீகம் தெரியாம நான் எதையும் வாங்கறதில்ல. இதுக்கு முன்னாடி யாரு கையில இருந்துச்சு?"

"அதெல்லாம் பழைய கதை சார். இப்போ சும்மாதான் கிடக்கு." அவள் பார்வை மேசையை விட்டு எழவில்லை.

"சும்மா கிடக்கற வீட்டுலதாம்மா பேய் குடியிருக்கும். எங்கே, காட்டு."

அவள் தயங்கினாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் வருங்கால சம்பந்தி இருக்காரே, அவரு என்னையே தூக்கிச் சாப்பிடற ஆளு. எதையும் நெட்டுல தோண்டிப் பார்த்துட்டுத்தான் நம்புவாரு. ரெண்டு பேரும் சேர்ந்து டிராவல்ஸ் ஆரம்பிக்கறோம். எங்கேயாவது ஒரு கறை அவரு கண்ணுல பட்டுச்சு, டிராவல்ஸும் போச்சு, என் பொண்ணு கல்யாணமும் போச்சு."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உண்மையாகவே நடுங்கியது. கஞ்சனோ கறாரோ, மகள் என்றால் அவருக்கு உயிர்.

வேறு வழியில்லாமல் அவள் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். எந்த இணையப் பக்கம் செத்தாலும் அதைப் படம் பிடித்து அடுக்கி வைக்கிற காப்பகம் ஒன்று உண்டு. அதில் இந்தப் பெயரைத் தட்டியதும் பழைய பக்கம் எழுந்து வந்தது. "கப்பலில் வேலை! உலகம் உங்கள் காலடியில்!" பக்கத்தில் டையும் அடர்ந்த சுருட்டை முடியுமாக ஒரு டைரக்டர், வரைந்த கப்பலுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பெனிக்குக் கப்பல் கிடையாது. படகு கிடையாது. ஒரு துடுப்புகூடக் கிடையாது. பணம் கட்டிய பையன்கள் பெட்டியும் படுக்கையுமாகத் துறைமுகத்தில் போய் நின்றதும், டைரக்டர் கம்பி நீட்டியதும் அந்தக் காலத்துச் செய்திகளில் விலாவாரியாக இருந்தன.

பூதக்கண்ணாடி துள்ளி எழுந்தார்.

"அடிப்பாவி! ஊரை ஏமாத்தின கம்பெனி பேரை என் தலையில கட்டப் பாக்கறியா? எத்தனை குடும்பத்தோட வயித்தெரிச்சல் இது! உன்னைப் பிடிச்சு உள்ளே போடணும்!"

"சார், சத்தம் போடாதீங்க. விலையைக் குறைச்சுக்கறேன்."

வாசல் வரை போன தர்ம ஆவேசம், சட்டென்று திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

"எவ்வளவு?"

"பாதி."

"பாதியா? அழுகின தக்காளிக்கு நல்ல தக்காளி விலையில பாதி கேப்பியா? நான் இதைக் கழுவித் துடைச்சு எடுக்கறதுக்குள்ள என் ஆயுசே போயிடும்."

பேரம் இழுத்தது. பாதி கால் ஆனது. கால் அரைக்கால் ஆனது. இவ்வளவு மலிவாக ஒரு பாவத்தை இதுவரை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். பெயர் மாற்றத்துக்கென்று அவள் கேட்ட அடையாள அட்டையை எடுத்து நீட்டினார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் ஏதோ தட்டினாள்.

"இனிமே பேரு உங்களுது சார்."

"சரிம்மா. அந்தப் பழைய பக்கம் இன்னும் காப்பகத்துல கிடக்கே. பேருக்குச் சொந்தக்காரர் எழுதிக் கேட்டா எடுத்துடுவாங்களாமே? இன்னைக்கே எழுதிடு. மத்தது எப்படிப் போனாலும், அந்த டைரக்டர் போட்டோ முதல்ல போயாகணும்."

"போயிடும் சார். இதுக்குன்னே ஒருத்தர் இருக்காரு. இருங்க, கூப்பிடறேன்."

அவள் போனை எடுத்தாள். பூதக்கண்ணாடி நிம்மதியாகச் சாய்ந்து, கைக்குட்டையால் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார். மகள் கல்யாணத்துக்கு இனி ஒரு குறையும் வராது என்று நினைத்தபோது அவருக்குக் கண்கூடக் கலங்கியது. போனில் மறுமுனை கிடைத்துவிட்டது.

"இன்ஸ்பெக்டர் சார், அந்தப் பேரு ஒருவழியா வித்துடுச்சு. இத்தனை நாளா வந்தவங்க எல்லாரும் வரலாற்றைப் பார்த்ததும் எந்திரிச்சு ஓடினாங்க. பார்த்துட்டும் வாங்கறவன் அவனாத்தான் இருப்பான்னு நீங்க சொன்னது சரியாப் போச்சு. என் தம்பியைப் பெட்டியோட துறைமுகத்துல நிக்க வச்ச டைரக்டர், முடியெல்லாம் கொட்டி, இப்போ என் எதிர்லதான் உக்காந்திருக்காரு."